குழம்பு அம்மியில் முடிவாகிறது

இந்தியச் சமையல் என்ற தலைப்பில் அச்சாகும் புத்தகங்களில் பலவும் வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெயில் வதக்குவதில்தான் தொடங்குகின்றன. அதன்மேல் இஞ்சி பூண்டு விழுது, பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா என்று வரிசை அமைந்துவிட்டால், அதற்குள் எதைப் போடுகிறோமோ அதன் பெயரே அந்தப் பண்டத்துக்கும் வந்துவிடுகிறது. பட்டாணியைப் போட்டால் பட்டாணி மசாலா, உருளைக்கிழங்கைப் போட்டால் உருளைக்கிழங்கு மசாலா. உணவகம் நடத்துகிறவர்களுக்கு இது மிகவும் வசதியான முறை. காலையில் ஓர் அண்டா நிறையச் செய்து வைத்துக்கொண்டால் இரவு வரைக்கும் பல பெயர்களில் விற்றுத் தீர்த்துவிடலாம். அந்த முறையின்மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதையே நாடு முழுமைக்குமான இலக்கணமாகச் சொல்லும்போது, திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலறைகளில் வளர்ந்தவர்களுக்குத் திகைப்பாகத்தான் இருக்கும். எங்கள் கல்யாண இலையில் வந்து விழும் அவியல், எரிசேரி, துவட்டல், மோர்க்குழம்பு, மறுவீட்டன்று வரும் சொதி ஆகிய எதற்கும் தக்காளி வேண்டியதில்லை. வதக்கிய மசாலாவும் வேண்டியதில்லை. அவை எல்லாம் தேங்காயில் தொடங்குகின்றன.

தேங்காய் சேர்ப்பது தென்னாட்டில் எங்கும் உள்ள வழக்கம்தானே என்று கேட்கலாம். சேர்ப்பது வேறு, தேங்காயைக் கொண்டே ஒரு பண்டத்தைத் தீர்மானிப்பது வேறு. எங்கள் பக்கத்தில் காயையோ மசாலாவையோவிட, தேங்காயை என்ன பக்குவம் செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் குழம்பு இன்னதென்று ஆகிறது. சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முருங்கைக்காயை எடுத்துக்கொள்ளலாம். பச்சைத் தேங்காயை ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டால் அது அவியலில் ஒரு காய். தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்து மைய அரைத்து ஊற்றினால் முருங்கைக்காய்த் தீயல். பிழிந்து பால் எடுத்து அதில் வேகவைத்தால் சொதி. மிளகாய் வற்றலும் சீரகமும் சேர்த்து அரைத்து அரிசி பருப்போடு கூட்டி வேகவைத்தால் கூட்டாஞ்சோறு. காய் ஒன்றுதான், தேங்காயும் ஒரே மரத்துத் தேங்காய்தான். நாக்குக்கு ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நான்கு பண்டங்கள். காலையில் அடுக்களையில் எழும் முதல் கேள்வி எங்கள் வீட்டில் என்ன காய் என்பதாக இருந்ததில்லை, “இன்னைக்கு என்ன அரைக்கணும்?” என்பதாகவே இருந்தது. காய்க்காரர் வருவதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்கும்.

தேங்காய் இவ்வளவு தாராளமாக அம்மிக்கு வந்ததற்கு ஆறுதான் காரணம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி 130 கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்ந்துவிடுகிறது என்றாலும், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்ற இரண்டின் நீரும் அதற்குக் கிடைக்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் ஓரத்தில் நெல்லும் வாழையும் தென்னையும் சேர்ந்தே வளர்கின்றன. தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு என்று மலையடிவாரத்தில் நெடுகத் தென்னந்தோப்புகள் உண்டு. கிழக்கே போகப் போக நிலம் மாறிவிடுகிறது. சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரியில் மரம் என்றால் பனைதான். அங்கே விருந்தின் பெருமை கருப்பட்டியைச் சார்ந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே நான் இங்கே எழுதுவதெல்லாம் ஆற்றுப் பாசன ஊர்களின் சமையல், அதிலும் பெரும்பகுதி சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணங்களின் வழியாகப் பெயர் பெற்ற சமையல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலப்பாளையத்து நெய்ச்சோறும், கடற்கரை ஊர்களின் மீன்குழம்பும் தனித்தனியே எழுதப்பட வேண்டியவை.

மேற்கே மலைக்கு அப்பால் மலையாளச் சீமை இருக்கிறது. செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் பிறகே திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து 1904-இல் ரயிலும் வந்துவிட்டது. அவியலும் எரிசேரியும் தீயலும் இந்தப் பக்கத்துச் சொத்தா, அந்தப் பக்கத்துச் சொத்தா என்று அடிக்கடி நடக்கும் வழக்கு எனக்குச் சலிப்பூட்டுவது. விராடன் அரண்மனையில் சமையற்காரனாக ஒளிந்திருந்த பீமன்தான் கிடைத்த காய்களை எல்லாம் ஒன்றாகப் போட்டு அவியலைக் கண்டுபிடித்தான் என்ற கதையை இரண்டு பக்கத்தாரும் சொல்கிறார்கள். வழக்கைப் பீமனிடமே விட்டுவிடலாம்.

அவியலுக்குத் தேங்காய் பச்சையாகவே அம்மிக்குப் போகிறது. கூடவே பச்சைமிளகாய், சீரகம், சில வீடுகளில் ஒன்றிரண்டு சின்ன வெங்காயம். தண்ணீரைத் தெளித்துக்கொள்ளலாமே தவிர ஊற்றக் கூடாது. அரைத்து எடுத்தது திப்பிதிப்பியாக, பல்லில் தட்டுப்படும் பதத்தில் இருக்க வேண்டும். அம்மியின் முன்னால் என்னை உட்கார வைத்த ஆச்சி, “ஏளா, ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், நைச்சிராத” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. தேங்காயை மைய அரைத்தால் அதன் செல்கள் உடைந்து பால் வெளியே வந்துவிடும். அந்தப் பாலும் காயின் நீரும் கலந்தால் குழம்பாகிவிடும். ஒன்றிரண்டாக அரைத்த தேங்காயோ தன் ஈரத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெந்த காயின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவியலில் காய்கள் தனித்தனியே தெரிய வேண்டும், ஆனால் ஒரு காய்கூடத் தேங்காய் படாமல் இருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த இரண்டு இழுப்பில்தான் நிறைவேறுகின்றன.

காய்களை எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்குவதும் அழகுக்காக மட்டும் அன்று. வாழைக்காய், சேனை, தடியங்காய் எனப்படும் வெண்பூசணி, முருங்கைக்காய், கத்தரிக்காய், சீனியவரைக்காய், புடலங்காய், மாங்காய் ஆகிய எல்லாம் ஒரே வடிவத்தில் இருந்தால்தான் கிளறும்போது உடையாமல் ஒன்றின்மேல் ஒன்று புரண்டு வரும். வேகும் நேரம் வேறுபடுவதால் சேனையும் வாழைக்காயும் முன்னால் போகும், தடியங்காயும் மாங்காயும் பின்னால் போகும். தடியங்காய் தன் நீரைத் தானே விடும் என்பதால் தண்ணீர் மிகக் கொஞ்சம் போதும். புளிப்புக்கு மாங்காய் இருந்தால் அதுவே போதும். இல்லாத மாதங்களில் கெட்டித் தயிரை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பார்கள். கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெயை ஊற்றிக் கறிவேப்பிலையை உருவிப் போட்டு மூடிவிட வேண்டும். தாளிப்பு கிடையாது. பெருநகர உணவகங்களில் அவியல் என்ற பெயரில் அடைக்குத் துணையாக வரும், கேரட்டும் பச்சைப் பட்டாணியும் மிதக்கும் தயிர்க்கரைசலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அடையின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதே பச்சைத் தேங்காயை மைய அரைத்தால் மோர்க்குழம்பின் பக்கம் வந்துவிடுகிறோம். தேங்காய், பச்சைமிளகாய், சீரகத்தோடு ஊறவைத்த துவரம்பருப்போ பச்சரிசியோ சிறிது சேர்த்து அரைப்பது, மோர் சூட்டில் திரியாமல் பிடித்துக்கொள்வதற்காக. தடியங்காயை வேகவைத்து, அரைத்ததைக் கலந்து, புளித்த மோரை ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். துவட்டலுக்கு அம்மியே வேண்டாம். மற்ற ஊர்களில் பொரியல் எனப்படுவதைத்தான் நாங்கள் துவட்டல் என்கிறோம். வாழைப்பூத் துவட்டலுக்கும் அவரைக்காய்த் துவட்டலுக்கும் துருவிய தேங்காய் அப்படியே மேலே விழுகிறது, அடுப்பின் சூடு தேங்காயில் படும் முன்பே இறக்கியாகிவிடும். கறுப்பு உளுந்தைத் தோலோடு உடைத்து, அரிசி, பூண்டு, வெந்தயத்தோடு வேகவைக்கும் உளுந்தஞ்சோற்றிலும் தேங்காய்த் துருவல்தான். ஆனால் அங்கே அது சோற்றோடு சேர்ந்தே வெந்து இனித்துவிடுகிறது. எள்ளுத்துவையல் இல்லாமல் உளுந்தஞ்சோற்றைப் பரிமாறுவது எங்கள் பக்கத்தில் முறையன்று.

கூட்டாஞ்சோறு இந்த வரிசையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பண்டம். அதற்கு அரைப்பு அவியலைப்போலத் திப்பியாகவும் இருக்கக் கூடாது, மோர்க்குழம்பைப்போல மையாகவும் இருக்கக் கூடாது. நடுவாந்தரமாக இருக்க வேண்டும். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள் எல்லாம் சேர்ந்த அந்த அரைப்பு, அரிசியும் துவரம்பருப்பும் முக்கால் வேக்காடு வந்த நேரத்தில் காய்களோடும் புளித்தண்ணீரோடும் முருங்கைக்கீரையோடும் உள்ளே போகிறது. கீரை சேராத கூட்டாஞ்சோற்றைச் சாம்பார் சாதம் என்று சொல்லிவிடலாம். வடகமும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் பக்கத்தில் இருந்தால் வேறு கறி தேவையில்லை.

வறுத்த தேங்காய் வேறு உலகம். தீயலுக்குத் தேங்காயைத் துருவிச் சீனிச்சட்டி என்னும் வாணலியில் போட்டு, சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், மல்லி சேர்த்து, சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். முதலில் நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பச்சைத் தேங்காயின் எடையில் ஏறக்குறைய பாதி நீர்தான். அந்த நீர் முழுவதும் ஆவியாகி வெளியேறும் வரைக்கும் சட்டியின் சூடு தேங்காயை நிறம் மாற்றும் அளவுக்கு ஏறாது. நீர் தீர்ந்த பிறகு வெள்ளை பொன்னிறமாகி, பொன்னிறம் செம்பழுப்பாகி, செம்பழுப்பு கருகலாவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. தீயலின் சுவை செம்பழுப்புக்கும் கருகலுக்கும் நடுவில் இருக்கிறது; பொன்னிறத்திலேயே பயந்து இறக்குகிறவர்களுக்கு வறுத்து அரைத்த குழம்பு கிடைக்குமே தவிரத் தீயல் கிடைக்காது. நிறத்தைப் பார்த்து இறக்குவதைவிட வாசனையைப் பார்த்து இறக்குவது நல்லது என்பது என் அனுபவம்: பலகார வாசனை போய்க் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை தொடங்கும் இடத்தில் சட்டியை இறக்கி, சூடான சட்டியிலேயே விடாமல் வேறு பாத்திரத்தில் கொட்டிவிட வேண்டும்.

ஆறியதும் அதை அம்மியில் அரைப்பது தனி வேலை. தண்ணீர் விடாமல் அரைக்க அரைக்கத் தேங்காயில் இருக்கும் எண்ணெய் வெளியேறும். 100 கிராம் பச்சைத் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. நீர் போன பிறகு அதன் பங்கு இன்னும் கூடுகிறது. எனவே குழவியின் கீழ் விழுது கறுத்து மினுங்கி, கையில் எண்ணெய் ஒட்டும் வரைக்கும் அரைப்பதற்கு வேறு எண்ணெய் எதுவும் வேண்டாம். சின்ன வெங்காயமோ பாகற்காயோ சுண்டைக்காயோ புளித்தண்ணீரில் வெந்ததும் இந்த விழுது கரைந்து இறங்கி, கொதி வந்து, மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். தீயல் மறுநாளும் கெடாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தேங்காயின் நீர் முன்பே போய்விட்டது, புளியும் இருக்கிறது. பச்சைத் தேங்காய் சேர்ந்த அவியலோ, மாலைக்குள் தீர்க்கப்பட வேண்டும்.

எரிசேரியில் இரண்டு பக்குவமும் சேர்ந்து வருகின்றன. வாழைக்காயும் சேனையும் மிளகுத்தூளில் வெந்ததும், தேங்காயையும் சீரகத்தையும் பச்சையாக அரைத்துக் கலந்து, கடைசியில் தேங்காயெண்ணெயில் செம்பழுப்பாக வறுத்த தேங்காய்த் துருவலை மேலே கொட்டுகிறார்கள். அடியில் பச்சைத் தேங்காயின் குளிர்ச்சி, மேலே வறுத்த தேங்காயின் மொறுமொறுப்பு. எரிசேரியின் காரம் மிளகாயில் இல்லை, மிளகில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்த நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் இங்கே காரத்துக்கு மிளகுதான். மற்ற குழம்புகளில் பலவும் மிளகாய்க்கு இடம் கொடுத்துவிட்ட பிறகும் எங்கள் எரிசேரி பழைய காரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது.

இதையே சொதிக்கும் பொருத்திப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சொதியை ஆயிரமாண்டுப் பழமை என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். இன்று நாம் உண்ணும் சொதியில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், பச்சைமிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆரஞ்சு நிறக் கேரட்டும் நாட்டுக் காய் அன்று. தேங்காய்ப்பாலில் காயை வேகவைக்கும் வழக்கம் எவ்வளவு பழமையானதாகவும் இருக்கலாம், ஆனால் மறுவீட்டு இலைக்கு வரும் இந்த உருவம் அண்மைக் காலத்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்க் காய்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இனிப்புக்கு எது பொருந்தும் என்று பார்த்து, நம் தேங்காய்ப்பாலில் இறக்கிய எவரோ ஒருவர் மிகவும் நுட்பமான நாக்கு உடையவராக இருந்திருக்க வேண்டும். கத்தரிக்காயும் வாழைக்காயும் சொதியில் சேராது; துவர்ப்பும் நிறமும் பாலைக் கெடுத்துவிடும். பழைய காய்களில் முருங்கைக்காய் மட்டுமே அந்தப் பாலுக்குள் மரியாதையாக நுழைந்திருக்கிறது.

சொதி மறுவீட்டுக்கு உரியது. கல்யாணம் முடிந்து, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப் போடும் விருந்தில் சாம்பாருக்குப் பதிலாகச் சொதி வரும் என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே சிலர் சொல்வார்கள். அது ஏன் கல்யாணத்தன்று வருவதில்லை என்பதற்கு விடை தேங்காயின் கணக்கிலேயே இருக்கிறது. ஆறு பேருக்குச் சொதி வைக்க நல்ல முற்றிய தேங்காய் இரண்டு வேண்டும். 300 பேருக்கு வைத்தால் 100 தேங்காய் உடைத்து, துருவி, அரைத்து, துணியில் பிழிய வேண்டும். முகூர்த்த நாளின் கூட்டத்துக்கு இது ஆகிற காரியம் அன்று; நெருங்கிய உறவினர் மட்டும் கூடும் மறுவீட்டுக்கு ஆகும். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க வந்த தவசிப்பிள்ளை, ஆக்குப்புரையில் தேங்காய்ப்பால் பிழியும் இடத்தை மட்டும் தன் பார்வையிலிருந்து விலக்கவே மாட்டார். பால் பிழியும் கையைப் பார்த்தே அன்றைய சொதியைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அரைத்த தேங்காயில் வெதுவெதுப்பான நீர் சிறிதளவே விட்டுப் பிழிவது முதற்பால். அந்தச் சக்கையையே மறுபடி நீர் விட்டு அரைத்துப் பிழிவது இரண்டாம் பால், இன்னொரு முறை பிழிவது மூன்றாம் பால். சமைக்கும்போது வரிசை தலைகீழாகிறது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், உரித்த முழுச் சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகின்றன. இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்த விழுதும் உப்பும் அப்போதே போய்விடும். மஞ்சள் கிடையாது, சொதி வெண்மையாக இருக்க வேண்டும். லேசாக வறுத்துக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பை அடுத்துச் சேர்க்கிறார்கள். முதற்பால் கடைசியில்தான் வரும். அது சேர்ந்த பிறகு தீயைக் குறைத்து, விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

திரிவதற்குக் காரணம் எளிது. தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேராதபடி தேங்காயின் புரதம் அவற்றைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. சுமார் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்தப் புரதம் உறையத் தொடங்கும், போர்வை விலகும், எண்ணெய் ஒன்றுகூடி மேலே வரும். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டே எண்ணெய் எடுப்பதும் உண்டு. குழந்தைகளின் உடம்பில் தடவும் உருக்கெண்ணெய் அப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே கொதித்துப்போன சொதி, உருக்கெண்ணெய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றுவிட்ட பண்டம். பாசிப்பருப்பு அங்கே சுவைக்காக மட்டும் இல்லை. அதன் மாவுச்சத்து பாலைக் கெட்டியாக்கி எண்ணெய் பிரிவதைத் தாமதப்படுத்துகிறது. எலுமிச்சம்பழச் சாற்றை இறக்கிச் சூடு தணிந்த பிறகே பிழிவதற்கும் இதுதான் காரணம், ஏனென்றால் சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் எந்தப் பருப்பாலும் காப்பாற்ற முடியாது. நெய்யில் கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்தால் வேலை முடிந்தது.

பக்கத்தில் இஞ்சித்துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய் வற்றல், உளுத்தம்பருப்பு, புளி, ஒரு துண்டு கருப்பட்டி சேர்த்து அரைக்கும் அந்தத் துவையல், இவ்வளவு தேங்காய்ப்பாலும் வயிற்றில் மந்தமாகத் தங்கிவிடாமல் இருப்பதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றுக்கு எவ்வளவு உதவுகிறதோ, நாக்குக்கு நிச்சயம் உதவுகிறது. இரண்டாம் கை சொதிக்குக் கை நீளுவது அந்தத் துவையலால்தான்.

யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. அது மெலிந்தது, மஞ்சள் நிறமுடையது, பெரும்பாலும் இடியப்பத்தோடு வீட்டில் அன்றாடம் உண்ணப்படுவது. நம்முடையது வெள்ளையானது, பருப்பு சேர்ந்தது, சோற்றோடு விருந்தில் உண்ணப்படுவது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கப்பல் விட்டது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில்தான். அதற்கு முன்னும் பின்னும் வணிகத்துக்கும் வேலைக்கும் எத்தனையோ திருநெல்வேலிக் குடும்பங்கள் அந்தக் கடலைக் கடந்து போய் வந்திருக்கின்றன. இரண்டு கரையிலும் ஒரே பெயரில் தேங்காய்ப்பால் குழம்பு இருப்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

அம்மி போய் மிக்சி வந்ததில் சொதிக்கு நட்டம் இல்லை. பால் எடுப்பதற்கு மிக்சி நல்ல கருவி. நட்டம் அவியலுக்குத்தான். மிக்சியின் கத்தி தேங்காயை நசுக்குவதில்லை, வெட்டுகிறது. ஒரு பக்கம் மாவாகியிருக்கும்போது இன்னொரு பக்கம் முழுத்துண்டாகவே சுற்றிக்கொண்டிருக்கும். தேங்காயை முன்பே மெல்லியதாகத் துருவிக்கொண்டு, சீரகத்தையும் மிளகாயையும் முதலில் தனியே பொடித்து, தேங்காயைக் கடைசியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று முறை மட்டும் சுழற்றினால் ஓரளவுக்குப் பழைய பதம் வரும். தீயலுக்கு மிக்சியின் சூடு உதவியாகவே இருக்கிறது, எண்ணெய் சீக்கிரம் பிரிகிறது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் தேங்காய்ப்பாலைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதில் பெரும்பாலும் பிசின்களும் நிலைநிறுத்திகளும் சேர்த்திருப்பதால் கொதித்தாலும் எளிதில் திரிவதில்லை, எனவே புதிதாகச் சமைப்பவர்களுக்குத் தைரியம் தருகிறது. ஆனால் பச்சைத் தேங்காயின் வாசனை அதில் இருப்பதில்லை, சொதியில் வாசனை தருவதற்கு வேறு மசாலாவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தட்டும். பாளையங்கோட்டைச் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள் பயன்படுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இத்தனை பக்குவ வேறுபாடுகளையும் ஒரே நாளில் அழித்துவிடும் ஒரு பண்டமும் எங்களிடம் உண்டு. விருந்து முடிந்த மாலையில் மிஞ்சிய சாம்பார், தீயல், அவியல், எரிசேரி, துவட்டல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டிச் சிறு தீயில் வைத்துவிடுவார்கள். நீர் சுண்டச் சுண்டக் காய்கள் கரைந்து, திப்பித் தேங்காயும் மை அரைப்பும் வறுத்த தேங்காயும் இன்னதென்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிக் கறுத்துக் கெட்டியாகும். இதுதான் சுண்டக்கறி. பச்சைத் தேங்காய் சேர்ந்த கறிகள் இரவுக்குள் ஊசிப்போகும் என்ற கவலையிலிருந்து பிறந்த உபாயம் இது. புளியும் நெடுநேரச் சூடும் சேர்ந்து அவற்றுக்கு இன்னொரு நாள் ஆயுள் தருகின்றன. எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடவும் முடியாது. மோர்க்குழம்பும் சொதியும் பச்சடியும் சேரக் கூடாது. சேர்ந்தால் திரிந்து முழுச் சட்டியும் கெட்டுவிடும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கு மறுநாள் கிண்ணத்தோடு வந்து சுண்டக்கறி கேட்டு வாங்கிப்போகும் அண்டை வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன். விருந்துக்கு வராதவர்கள்கூட அதற்கு வருவார்கள்.

இப்போது கல்யாணங்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. சமையல் ஒப்பந்தக்காரர் மாலைக்குள் பாத்திரங்களைக் கழுவி வண்டியில் ஏற்றிவிடுகிறார், மிஞ்சியது எங்கே போகிறது என்று கேட்பாரும் இல்லை. ஆகவே சுண்டக்கறிக்கு உறுதியாக மிஞ்சியிருக்கும் நாள் பொங்கல்தான். தை முதல் நாளன்று சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு என்று அந்த மாதத்துக் கிழங்குகள் எல்லாம் சேர்த்து வைக்கும் குழம்பும் அவியலும் எந்த வீட்டிலும் அளவாக இருப்பதில்லை. மாட்டுப்பொங்கலன்று காலையில், நீர் ஊற்றி வைத்த பொங்கல் சோற்றுக்கு அந்தக் கிழங்குச் சுண்டக்கறிதான். சேனையும் சேம்பும் கரைந்துவிட்ட அந்தக் கறியில் சிறுகிழங்கு மட்டும் உருக்குலையாமல் கிடக்கும் என்பதால், பரிமாறும்போது அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கிளறி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் உட்கார்ந்த பந்திக்கு வெறும் மசியலும், கடைசிப் பந்திக்குக் கிழங்கு முழுவதும் போய்ச் சேரும்.